விருப்பப் பட்டியலில் முதல் வரி எது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே எல்லா வீட்டிலும் கட்-ஆஃப் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். கணிதம் 100-க்கு அப்படியே; இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தவருக்கு 178. இது எல்லோருக்கும் தெரியும். மாணவர்கள் சறுக்குவது அதற்குப் பிறகு, விருப்பப் பட்டியலில்.

தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சலிங் 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. தன் சுற்று வந்ததும் மாணவர் கல்லூரியையும் பாடப்பிரிவையும் சேர்த்து வரிசையாகப் பதிய வேண்டும். கணினி ரேங்க்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். எந்த வரியில் இடம் காலியாக இருக்கிறதோ அதை ஒதுக்கிவிட்டு அடுத்த மாணவருக்குப் போய்விடும். அதற்குக் கீழே இன்னும் நல்ல கல்லூரி இருந்தாலும் திரும்பிப் பார்க்காது.

"கிடைக்கிறதை முதல்ல போடு தம்பி, ஆசைப்பட்டதைக் கீழே போட்டுக்கலாம்" என்று பிரவுசிங் சென்டரில் அக்கறையோடு சொல்வார்கள். தலைகீழான யோசனை. எட்டாத கல்லூரியை முதல் வரியில் போட்டால் இழப்பு எதுவும் இல்லை. கணினி அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். கிண்டி பொறியியல் கல்லூரி வேண்டுமென்றால் அதையே முதலில் எழுதலாம். எத்தனை வரி எழுதலாம் என்பதற்கும் வரம்பு கிடையாது. பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிட்டு, அந்தச் சுற்றில் எதுவுமே கிடைக்காமல் நிற்பவர்கள்தான் பாவம்.

சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வைத்துவிடலாம். ஜூன் மாதத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்று கல்விக் கட்டணத்தில் சலுகை பெற்றுத் தரும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் கிடையாது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

பட்டியல் போட உட்காரும்முன் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. முந்தைய ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் இடங்கள் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தன என்ற விவரம் கவுன்சலிங் இணையதளத்திலேயே கிடைக்கும். அதில் உங்கள் சாதிப் பிரிவுக்கான எண்களை மட்டும் தனியே குறித்துக்கொண்டால் போதும்.