பதருக்குள் ஒரு தைலமரம்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்யாண மேடை அலங்காரத்தில் ரோஜாக்களுக்கு நடுவே செருகியிருந்த சாம்பல்நீல வட்ட இலைகள் அவருக்குப் பிடித்துப்போய்விட்டன. விசாரித்ததில் யூகலிப்டஸ் என்று தெரிந்தது. மொட்டைமாடியில் ஒரு தொட்டியில் வளர்க்கலாமே என்று விதைக்கு ஆர்டர் போட்டார். வந்த பாக்கெட்டைப் பிரித்தால் ஒரு சிட்டிகைப் பழுப்புத் தூள். ‘இதில் விதை எது? அல்லது நான் ஏமாந்துவிட்டேனா?’ என்று கேட்கிறார்.

ஏமாறவில்லை. அந்தத் தூளில் விதை இருக்கிறது. ஆனால் தூள் முழுவதும் விதை இல்லை. பல வருஷமாக என்னைச் சொக்கவைத்திருக்கும் சங்கதி இது. அதனால் அவருக்குத் தனியாகப் பதில் போடாமல் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தைலமரம் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டிக்குப் போய்வந்தவர் வீட்டு அலமாரியில் நீலகிரித் தைலம் ஒரு குப்பியாவது இருக்கும். பூர்வீகம் ஆஸ்திரேலியா, இனங்கள் 700-க்கும் மேல், நம்மூரில் வந்து நிலைத்தவை சில. இது போதும், காய்க்கு வருவோம்.

நீலகிரிச் சாலையோரங்களில் நிற்கும் பெரிய மரங்கள் பெரும்பாலும் குளோபுலஸ் இனம். அதன் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டை மாதிரி கெட்டி. சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலம். அடி குறுகி, தலை விரிந்து, பக்கவாட்டில் நான்கு வரம்புகள் புடைத்திருக்கும். மேலெல்லாம் வெண்சாம்பல் மெழுகு. விரலால் அழுத்தித் தேய்த்தால் மெழுகு போய்விடும், வாசனை மட்டும் கையைவிட்டு லேசில் போகாது. தட்டையான தலைப்பக்கத்தில் நான்கைந்து பிளவுக் கோடுகள் நடுவில் வந்து சேரும். அதுதான் கதவு.

சுற்றுலா வருகிறவர்கள் மரத்தடியில் கிடக்கும் காய்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். அவை காலிப் பெட்டிகள். கதவு திறந்து விதை எப்போதோ கொட்டிப்போயிருக்கும். விதை வேண்டுமென்றால் கிளையிலேயே முற்றி, இன்னும் திறக்காமல் இருக்கும் காய் வேண்டும். பறித்து வந்து, காற்றடிக்காத இடத்தில் வெயில் படும்படி வெள்ளைத்தாளில் பரப்புங்கள். மரத்தோடு தொடர்பு அறுந்ததால் காய் உலரும். சில நாளில் பிளவுகள் விரியும். தலைகீழாகத் தட்டினால் பொலபொலவென்று கொட்டும்.

கொட்டியதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு ரகம் தெரியும். கறுப்பாக, சற்றே பருத்து இருப்பவை சில. செம்பழுப்பாக, மெலிந்து, கோணல்மாணலாக இருப்பவை பல. கறுப்புதான் விதை, மற்றதெல்லாம் பதர்.

பூவின் சூலகத்துக்குள் சூல்கள் ஏராளம். எல்லாம் கருவுறுவதில்லை. கருவுற்றவை விதையாகின்றன. கருவுறாதவையும் உதிர்ந்துபோகாமல் கூடவே இருந்து, கூடவே காய்ந்து, காய் திறக்கும்போது கூடவே விழுகின்றன. எண்ணிக்கையில் அவைதான் பல மடங்கு. எங்கள் ஊர்க் களத்தில் நெல் தூற்றும்போது, முறத்தைச் சாய்த்த சாய்ப்பில் பதர் காற்றோடு போய்விடும், மணி காலடியில் குவியும். இங்கே அந்த வித்தை பலிக்காது. விதையும் பதரும் அளவிலும் கனத்திலும் அவ்வளவு நெருக்கம். குளோபுலஸில் நிறத்தை வைத்தாவது பொறுக்கலாம். சமவெளிகளில் நடும் கமால்டுலென்சிஸ் இனத்தில் விதையே மஞ்சள்பழுப்பு, அதுவும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், நிறமும் கைகொடுக்காது. ஆகவே நாற்றங்கால்காரர்கள் பிரிக்க மெனக்கெடுவதில்லை, பதரோடு சேர்த்தே தூவிவிடுகிறார்கள். வாசகியின் பாக்கெட்டில் இருப்பதும் இந்தக் கலவைதான். தூவியதில் பெரும்பகுதி முளைக்காவிட்டால் விதை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். முளைக்கக்கூடியது அதில் அவ்வளவுதான்.

விதை இவ்வளவு பொடியாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அவரை, புளி விதைகளில் முளைக்குத் தேவையான சாப்பாடு உள்ளேயே இருக்கிறது. மண்ணை முட்டித் திறந்து வெளியே வந்து, இலை விரிக்கும்வரை அது தாங்கும். தைலமர விதையில் அப்படிச் சேமிப்பு எதுவும் இல்லை. முளைத்ததும் வெளிச்சம் வேண்டும். மேலே சருகு மூடியிருந்தாலோ புல் அடர்ந்திருந்தாலோ கதை முடிந்தது.

ஆஸ்திரேலியாவின் ரெக்னன்ஸ் இனத்தில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். பூக்கும் தாவரங்களில் ஆக உயரமானவற்றில் அது ஒன்று. டாஸ்மேனியாவில் 100 மீட்டரைத் தொடும் மரம் நிற்கிறது. அவ்வளவு பெரிய மரத்தின் விதை உச்சிக் கிளைகளில் காய்க்குள்ளேயே காத்திருக்கும். பெரும் காட்டுத்தீ தாய்மரத்தைக் கொன்ற பிறகு காய்கள் உலர்ந்து திறக்கும். கீழே சருகும் புதரும் எரிந்து, சாம்பல் படிந்த வெற்று மண். அங்கே கொட்டும் விதையிலிருந்துதான் அடுத்த காடு எழுகிறது. தீ வராத காலத்தில் அந்தக் காட்டுக்குள் ஒரு கன்று பிழைத்து மேலே வருவது அபூர்வம்.

இது புரிந்துவிட்டால் விதைக்கும் முறை தானாக வந்துவிடும். விதையைப் புதைக்கக்கூடாது. அடியில் ஓட்டையுள்ள ஆழமில்லாத தட்டு ஒன்று எடுங்கள். கோகோபீட்டும் மணலும் சரிபாதி. தொழுவுரம் இப்போதைக்கு வேண்டாம், பூஞ்சணத்துக்குத்தான் கொண்டாட்டம். கலவையை நனைத்துச் சமப்படுத்தி, தூளைப் பரவலாகத் தூவி, சலித்த மணலை விதை மறையும் அளவுக்கு மட்டும் மேலே போடுங்கள். பூவாளியில் ஊற்றினால்கூட விதை ஓரத்துக்கு ஓடிவிடும். தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். மேல்மணல் நிறம் மாறியதும் எடுத்துவிடலாம். நேர்வெயில் படாத வெளிச்சம் போதும். சமவெளியில் தை, மாசி நல்ல பருவம். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். உறைபனி விழும் மலைகளைச் சேர்ந்த சில இனங்களின் விதையை மட்டும் ஈரமணலில் கலந்து சில வாரம் பிரிட்ஜில் வைத்த பிறகு விதைக்க வேண்டும்.

முளைத்ததும் முதலிரண்டு இலைகளை உற்றுப் பாருங்கள். பல இனங்களில் ஒவ்வோர் இலையும் நுனியில் பிளந்து இரண்டு மடலாக இருக்கும். புரட்டினால் அடிப்பக்கத்தில் ஊதாச் சாயல். ஒரே இரவில் கன்றுகள் அடித்தண்டு கறுத்து வரிசையாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல். செய்வது பூஞ்சை, இடம் கொடுப்பது நம் தாராளத் தண்ணீர். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிட்டு, காற்றோட்டம் கொடுங்கள்.

அடுத்துவரும் இலைகள் இரண்டு ஜோடி ஆனதும் தனித்தனிப் பைக்கு மாற்றிவிட வேண்டும். தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடியுங்கள். தாமதித்தால் வேர் அடியில் முட்டிச் சுருளும். சுருண்ட வேர் பிற்பாடு நேராவதில்லை. நர்சரியில் கன்று வாங்குகிறவர்கள் உயரத்தைப் பார்த்து மயங்குகிறார்கள், பையின் அடியைப் பார்ப்பதில்லை. வேர் சுற்றிக்கொண்ட ஆளுயரக் கன்றைவிட ஒரு சாண் கன்று மேல்.

இனி, வாசகி ஆசைப்பட்ட இலை. அது பெரும்பாலும் சினேரியா இனம், பூக்கடைகளில் ‘சில்வர் டாலர்’. தைலமரங்கள் பல, இளமையில் ஓர் இலையும் வளர்ந்தபின் வேறோர் இலையும் போடுபவை. குளோபுலஸ் கன்றில் தண்டு சதுரமாக இருக்கும். இலை காம்பில்லாமல், எதிரெதிராக, மெழுகு பூத்து நீலமாக இருக்கும். அதுவே மரமானால் நீண்டு வளைந்து தொங்கும் பச்சை இலை. இரண்டும் ஒரே மரத்து இலை என்றால் நம்புவது கஷ்டம். மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர் மறுபடி இளமை இலையோடு வரும். சினேரியா அந்த இளமை இலையை நீண்ட காலம் விடாமல் வைத்துக்கொள்ளும். இருந்தாலும் தொட்டியில் வளர்ப்பவர் வருஷம் ஒருமுறை கத்தரித்துவிடுவது நல்லது.

ஆனால் சினேரியா குளிர்ப் பிரதேசத்து மரம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது பொருந்தும். சமவெளி மாடிக்கு நான் சொல்வது எலுமிச்சை மணமுள்ள சிட்ரியோடோரா. 1995-இல் அதை யூகலிப்டஸிலிருந்து பிரித்து கொரிம்பியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். பாக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் சரக்கு ஒன்றுதான். கன்றின் இலையைத் தடவினால் சொரசொரவென்று மயிர் தட்டுப்படும். காம்பு இலையின் விளிம்பில் சேராமல் அடிப்பக்கத்தில் உள்தள்ளிச் சேர்ந்திருக்கும். கசக்கினால் அப்பட்டமான எலுமிச்சை வாசம். ஆனால் சளிக்கு ஆவி பிடிக்க இதை நம்பாதீர்கள். நீலகிரித் தைலத்தின் சரக்கு சினியோல், இதில் மிகுந்திருப்பது சிட்ரோனெல்லால். எந்தத் தைலமானாலும் குழந்தையின் வாய்க்குள் போகக்கூடாது, அது நஞ்சு.

தொட்டியில் வளர்ந்த கன்றைத் தோட்டத்தில் நடலாமா? வேண்டாம் என்பேன். தைலமரம் தண்ணீரைக் குடிக்கிறது என்ற புகார் பொய்யில்லை. ஊட்டியை அடுத்த கிளென்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் குளோபுலஸ் நட்டு, அப்படியே விட்ட பக்கத்து நீர்ப்பிடிப்போடு ஒப்பிட்டு வருஷக்கணக்கில் அளந்தார்கள். நட்ட பக்கத்தில் முதல் பத்தாண்டில் நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. புதுக்கோட்டை விவசாயிகளின் ஆத்திரம் மரம் குடிப்பதைப் பற்றி மட்டுமல்ல. தைலமரக் காடுகளுக்காகப் போட்ட வரப்புகள் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் மறிக்கின்றன என்பதும் அவர்கள் குறை. கர்நாடக அரசு 2017-இல் புதிதாக நடுவதற்கே தடை போட்டது.

ஆனால் மரத்தை மட்டும் திட்டுவது நியாயமா? விதையைப் பார்த்தீர்கள். சருகைத் தாண்டத் திராணியில்லாத விதை அது. சீமைக் கருவேலம் போல ஆடுமாடு தின்று பரப்பவில்லை. வாட்டில் போல மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உறங்கியிருந்து கிளம்பவில்லை. 1843-இல் காட்டன் என்ற ராணுவ அதிகாரி நீலகிரிக்குக் கொண்டுவந்தார். சோலைக்காடுகளை வெட்டித் தீர்த்துவிட்டு விறகுக்குத் தவித்த ஊட்டிக்கு அது தோதாக அமைந்தது. பிறகு காகிதக் கூழுக்கும் ரேயானுக்கும் என்று பரப்பினார்கள். நாற்று விட்டு, புல்வெளியைக் கொத்திக் குழியெடுத்து நட்டவர்கள் மனிதர்கள். இடம் பார்க்காமல் நட்டுவிட்டு, பழியை மரத்தின்மேல் போடுகிறோம்.

ஆகவே தொட்டியில் ஒன்று, தாராளமாக வளருங்கள். கிணற்றோரம், வரப்போரம், வீட்டுச் சுவரோரம் வேண்டாம். தோட்டத்துக்கு நிழல் வேண்டுமென்றால் வேம்பும் புங்கனும் இருக்கின்றன. பாக்கெட்டுத் தூளை ஒரே நாளில் கொட்டித் தீர்க்காதீர்கள். ஈரமில்லாத குப்பியில் இறுக மூடி பிரிட்ஜில் வைத்தால் சில வருஷங்களுக்கு முளைப்புத்திறன் போகாது.