‘அரண்மனை இன்று மூடல்’ என்றால் நம்பாதீர்

பேங்காக் செல்லும் நம்மவர்களில் பலர் கிராண்ட் பேலஸ் அரண்மனையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அதன் மதிலோரத்தில்தான் அந்த ஆசாமிகள் நிற்கின்றனர். மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. “இன்று பௌத்த விசேஷ நாள், மதியம்தான் திறப்பார்கள்” என்பார்கள். அருகிலேயே துக் துக் தயாராக இருக்கும். மூன்று கோயில்களைச் சுற்றிக்காட்ட 20 பாட்தானாம்!

அந்தப் பணம் எண்ணெய் போடக்கூட காணாது. வண்டி இரத்தினக்கல் கடையிலும் தையல் கடையிலும் போய் நிற்கும். பயணியை இறக்கிவிட்டதற்கே ஓட்டுநருக்கு எண்ணெய்க் கூப்பன். பொருள் விற்றால் கமிஷன். பாதி விலை என்று வாங்கிய கல்லை ஊரில் நகைக்கடையில் காட்டும்போதுதான் வயிறு எரியும்.

அரண்மனை வழக்கமாகத் தினமும் காலை 8.30 மணிக்குத் திறக்கும். அரச சடங்குகளுக்காக எப்போதாவது மூடுவதுண்டு. அதை டிக்கெட் முகப்பில் கேட்டுக்கொள்ளலாம். வழியில் நிற்பவரிடம் வாக்குவாதம் வேண்டாம், நடையை நிறுத்தாமல் இருந்தாலே போதும். டாக்சிக்காரர் மீட்டர் போட மறுத்தால் இறங்கி அடுத்ததைப் பிடிக்கலாம்; நமக்குப் பழகிய கிராப் அங்கும் உண்டு. மிரட்டினால், சுற்றுலாப் போலீஸ் எண் 1155.