மினாங்கபாவு ஊர்களில் வாழ்வும் சொத்துரிமையும்

முன்னுரை

ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச் செல்லும் பொருள் யாரைச் சாரும் என்னும் வினா உறவைக் காக்கவும் வல்லது; முறிக்கவும் வல்லது. இஸ்லாம் இவ்வினாவிற்குத் தெளிவான விடை தந்துள்ளது. மக்கள், பெற்றோர், கணவன், மனைவி ஆகியோர்க்குரிய பங்குகளைத் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் வரையறுத்துக் கூறுகின்றது. ஆயின், இம்மார்க்கத்தை உளமார ஏற்றுக்கொண்ட ஒரு சமுதாயத்தில், வயலும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் வழக்கம் பன்னெடுங்காலமாக வேரூன்றியிருப்பின் அங்கு என்ன நிகழும்? இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில், மேற்கு மலைநாட்டில் வாழும் மினாங்கபாவு முஸ்லிம்களின் வரலாறு இதற்கு விடையளிக்கின்றது. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

நகரியும் பெரிய வீடும்

மினாங்கபாவு மக்கள் தம் நிலத்தை இரண்டாகப் பகுப்பர். கடற்கரையும் அயலிடங்களும் 'ரந்தாவ்' எனப்படும். மெராப்பி, சிங்காலாங் முதலிய மலைகளைச் சூழ்ந்த உள்நாடு 'டாரெக்' எனப்படும். தானா டாத்தார், அகாம், லீமா புலு கோத்தா என்னும் மூன்று பகுதிகளைக் கொண்ட இவ்வுள்நாடே அவர்தம் பண்பாட்டின் தாயகமாகும். இங்குள்ள ஊருக்கு 'நகரி' என்று பெயர். வடமொழி வழியாக நமக்கும் அறிமுகமான சொல்லே இது. பள்ளிவாசல், ஊரவை கூடும் மண்டபம், நீராடுதுறை, மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த நெல்வயல்கள் ஆகியன நகரியின் அடையாளங்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக, 1983ஆம் ஆண்டு முதல் நகரி ஆட்சிமுறை நீக்கப்பட்டது. எனினும் மேற்குச் சுமத்ரா மாநிலம் 2000ஆம் ஆண்டில் அதனை மீண்டும் கொண்டுவந்தது.

நகரியில் பல குலங்கள் வாழும். பிறக்கும் குழந்தை தாயின் குலத்தையே சாரும். குலத்தின் நடுவிடம் 'ரூமா காடாங்' எனப்படும் பெரிய வீடு. எருமைக்கொம்பு போல் இருபுறமும் உயர்ந்து வளைந்த கூரையும், முற்றத்தில் நெற்களஞ்சியங்களும் உடையது அது. அதன் அறைகள் பெண்மக்களுக்கு உரியவை. முற்காலத்தில் சிறுவர்கள் 'சுராவ்' எனப்படும் தொழுகைக்கூடத்தில் இரவு தங்கித் திருக்குர்ஆன் ஓதப் பயின்றனர். மணமான ஆடவர் இரவில் மனைவியின் வீட்டிற்குச் சென்று, பகலில் தம் தாய், உடன்பிறந்தாள் ஆகியோரின் வயலில் உழைத்தனர். மனைவியின் வீட்டில் அவர்கள் மதிப்பிற்குரிய விருந்தினரே அன்றி உரிமையாளர் அல்லர். பொருள் தேடி அயலூர் செல்லும் வழக்கம் மினாங்கபாவு ஆடவரிடையே வலுப்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

முன்னோர் விட்ட சொத்து

தலைமுறை தலைமுறையாக வந்த வயலையும் வீட்டையும் 'உயர் புசாக்கா' என அம்மக்கள் வழங்குவர். புசாக்கா என்பது மூதாதையர் விட்ட சொத்தாகும். அதன் பயனைப் பெண்கள் துய்ப்பர். தாய்மாமன் அதனை மேற்பார்வை செய்வார். அவரை 'மாமாக்' என்று அழைப்பது நம் 'மாமா'வை நினைவூட்டுகின்றது. அவரும் காப்பாளரே, உரிமையாளர் அல்லர். அவருக்குப்பின் அப்பொறுப்பு அவருடைய மகனுக்கு அன்றி, உடன்பிறந்தாளின் மகனுக்கே செல்லும்.

இச்சொத்தை விற்றலாகாது. ஒற்றி வைப்பதற்கும் நான்கு காரணங்களே ஏற்கப்பட்டன. பருவமெய்திய பெண் மணமாகாதிருத்தல், அடக்கம் செய்யப் பொருளின்றி வீட்டில் சடலம் கிடத்தல், பெரிய வீட்டின் கூரை ஒழுகுதல், குலத்தலைவர் பட்டத்தை மீண்டும் நிலைநாட்டல் என்பன அவை. இந்நான்கும் தனிமனிதரின் ஆசைகள் அல்ல. குலத்தின் மானத்தைக் காக்கும் தேவைகள். கைம்பெண்ணாயினும் மணவிலக்குப் பெற்றவளாயினும் ஒரு பெண் தெருவில் நிற்க நேராமைக்கு இவ்வேற்பாடே அரணாக நின்றது.

ஷரீஅத் எழுப்பிய வினா

இவ்வேற்பாட்டில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. ஓர் ஆடவர் தம் கைம்முதலாலும் உழைப்பாலும் தேடிய பொருளையும் அவர்தம் மருமக்களே கோரினால், அவருடைய மக்களின் நிலை யாது? காப்பி விளைச்சலும் வாணிபமும் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் இவ்வினா கூர்மையடைந்தது.

வழக்கத்திற்கும் மார்க்கத்திற்கும் இடையிலான மோதல் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகள் 1803ஆம் ஆண்டளவில் தொடங்கிய சீர்திருத்த இயக்கம் போராக மூண்டது. 'பத்ரிப் போர்' எனப்படும் அதில் 1821ஆம் ஆண்டில் டச்சுக்காரர் தலையிட்டனர். 1837இல் போஞ்சோல் கோட்டை வீழ்ந்தது. போர் ஓய்ந்தும் வினா ஓயவில்லை. மக்காவின் புனிதப்பள்ளியில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாமாக விளங்கிய மினாங்கபாவு அறிஞர் ஷைகு அஹ்மத் காத்தீப் (1860–1916), மருமக்கள் வழி வாரிசுரிமையைக் கடுமையாக மறுத்து எழுதினார். அவருடைய மாணவர் ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லாஹ் (1879–1945) வேறொரு கோணத்தில் நோக்கினார். முன்னோர் சொத்து எந்தத் தனிமனிதருக்கும் உடைமை அன்று. அது வக்பு போன்றது. ஆகவே பாகம் பிரிக்கத்தக்கதன்று என்பது அவர் கருத்து.

அவருடைய மகனே புகழ்பெற்ற அறிஞர் ஹம்கா (1908–1981). வான் டெர் வைக் என்னும் கப்பல் மூழ்கியதைத் தலைப்பாகக் கொண்ட அவருடைய புதினத்தில், கதைத்தலைவனின் தந்தை சொத்துத் தகராறில் தாய்மாமனைக் கொன்று நாடு கடத்தப்படுகின்றார். தந்தையின் ஊருக்குத் திரும்பும் மகன், தாய் மினாங்கபாவுப் பெண் அல்லள் என்பதால் அங்கு அயலானாகவே கருதப்படுகின்றான். சொத்துமுறை ஒரு மனிதனின் வாழ்வை எங்ஙனம் அலைக்கழிக்கும் என்பதற்கு இக்கதை நல்ல சான்று.

1952ஆம் ஆண்டின் இணக்கம்

1952ஆம் ஆண்டில் உலமாக்களும் குலப்பெரியோரும் கற்றறிந்தோரும் புக்கித்திங்கி நகரில் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். மூதாதையர் வழிவந்த சொத்து வழக்கப்படி செல்லும். ஒருவர் தாமே தேடிய சொத்து ஷரீஅத் கூறும் வாரிசுரிமைப்படி பங்கிடப்படும் என்பதே அம்முடிவாகும். 1968ஆம் ஆண்டில் பாடாங் நகரில் நடைபெற்ற கருத்தரங்கும் இதனை உறுதி செய்தது.

மார்க்கம் பங்கிடச் சொல்வது இறந்தவருக்கு உடைமையானதை மட்டுமே. அதுவும் கடனும் மரணசாசனமும் நிறைவேற்றப்பட்ட பின்னரே. ஆகவே 'யாருக்கு எவ்வளவு?' என்பதற்கு முன் 'இது யாருடையது?' என்று கேட்டதே இவ்விணக்கத்தின் சிறப்பாகும். எனினும், தேடிய சொத்தைப் பிரிக்காமல் இரண்டு மூன்று தலைமுறைகள் விட்டுவிட்டால் அதுவும் குலச்சொத்துடன் கலந்துவிடும். கோடு மங்கிய இடத்தில்தான் வழக்குகள் முளைக்கின்றன.

நம் நாட்டுச் சான்றுகள்

இலட்சத்தீவு முஸ்லிம்களிடையேயும் இத்தகைய பகுப்பு உண்டு. தறவாட்டுச் சொத்தை வெள்ளிக்கிழமைச் சொத்து என்றும், தனியொருவரின் சொத்தைத் திங்கட்கிழமைச் சொத்து என்றும் அவர்கள் பிரித்து வழங்குவர். நம் காயல்பட்டினத்தில் மணமகன் மணமகள் வீட்டில் குடிபுகுவதும், மகளுக்கு வீடு அளிப்பதும் வழக்கம். ஆயின் தந்தை தமக்குரிய வீட்டைத் தம் வாழ்நாளிலேயே மகளுக்கு அளிப்பது வேறு. பிரிக்கலாகாத குலச்சொத்து வேறு. இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விளைநிலங்களை விலக்கியே இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்விலக்கை நீக்கியது.

நிறைவுரை

மினாங்கபாவு நாட்டில் வழக்கம் பெண்ணுக்கு வீட்டைக் காத்துத் தந்தது. தந்தையின் உழைப்பில் மக்களுக்குரிய பங்கையே மார்க்கத்தைக் கொண்டு மீட்க வேண்டியிருந்தது. நம் ஊர்களிலோ நிலைமை தலைகீழானது. 'திருமணத்தின்போதே நகையும் சீரும் செய்தாயிற்று' என்று கூறித் தந்தையின் வயலில் மகளுக்குரிய பங்கை மறுக்கும் குடும்பங்கள் இல்லாமல் இல்லை. இறைவன் வகுத்த பங்கைச் சீர்வரிசை ஈடுசெய்யாது. வழக்கம் எதுவாயினும் அதனை மார்க்கத்தின் அளவுகோல் கொண்டே அளத்தல் வேண்டும்.

ஆகவே, பெரியோர்கள் தாம் வாழும் காலத்திலேயே தமது எது, பிறருடன் கூட்டாக உள்ளது எது, கடன் எது என்பவற்றை எழுதி வைத்தல் நலம். சுமத்ராவின் மலைநாட்டினர் ஒன்றரை நூற்றாண்டுப் பூசலுக்குப் பின் கண்ட இத்தெளிவை, நாம் பூசல் இன்றியே பெறலாம். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!