8-க்கு 4 ப்ளைவுட்டில் 1 அடி பலகை நாலு வராது... ஏன் தெரியுமா? ஷெல்ஃப் அடிக்கும் முன் இதைப் படிங்க!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் புத்தக அலமாரி அடிக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். 4 அடி நீளம், 1 அடி அகலத்தில் 8 பலகை வேண்டும். கணக்கு ரொம்ப ஈஸி. ஒரு பலகை 4 சதுர அடி, எட்டுக்கும் சேர்த்து 32 சதுர அடி. கடையில் விற்கும் 8-க்கு 4 ப்ளைவுட் ஷீட்டும் 32 சதுர அடிதான். ஒரே ஷீட் போதும் என்று முடிவு செய்து, ராஜபாளையம் போய் வாங்கி, குட்டியானையில் ஏற்றிக் கொண்டு வந்தாச்சு. டேப்பை வைத்துப் பார்த்த கார்பென்டர், "இன்னொரு ஷீட் வேணும் சார்" என்கிறார்.

வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வரும்தான். ஒரு ஷீட்டை அமுக்கப் பார்க்கிறாரோ? இல்லை. தப்பு கார்பென்டர் மேலும் இல்லை, ஷீட் மேலும் இல்லை. பேப்பரில் போட்ட கணக்கில்தான் இருக்கிறது.

ரம்பம் தின்னும் 'ஒரு நூல்'

முதலில் ஷீட்டின் உண்மையான அளவைப் பார்ப்போம். நாம் 8-க்கு 4 என்று சொன்னாலும், ஷீட்டில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் 2440 x 1220 மில்லிமீட்டர். 8 அடி என்பது 2438.4 மி.மீ., 4 அடி என்பது 1219.2 மி.மீ. ஆக, நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர், அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கூடுதலாகக் கிடைக்கிறது.

இப்போது வெட்டுங்கள். ரம்பம் பலகையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை. அதன் பல் எவ்வளவு தடிமனோ, அவ்வளவு மரத்தைத் தூளாக்கித் தள்ளிவிடும். பெரிய மேசை ரம்பத்தில் ஒரு வெட்டுக்குச் சுமார் 3 மி.மீ. போகும். கையில் பிடித்து வெட்டும் சின்ன மிஷினில் இது சுமார் 2 மி.மீ.

தச்சு வேலையில் இன்ச்சை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை 'ஒரு நூல்' என்பார்கள். கிட்டத்தட்ட 3.2 மி.மீ. (ராஜபாளையத்தில் நூல் என்றதும் மில் நூல்தான் பலருக்கு ஞாபகம் வரும். இது வேற நூல்!) ஆக மேசை ரம்பத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறக்குறைய ஒரு நூல் அளவு மரம் தூளாகப் போய்விடும்.

4 அடி அகலத்தை நாலாகப் பிரிக்க 3 வெட்டு. 9 மி.மீ. காலி. மீதி 1211 மி.மீ. அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 302.75 மி.மீ. 1 அடி என்பதோ 304.8 மி.மீ. சரி, முதல் மூன்றையும் முழு 1 அடியாகவே வெட்டிவிட்டால்? நாலாவது பலகை 296.6 மி.மீ.தான் வரும். எட்டு மில்லிமீட்டர், அதாவது இரண்டரை நூல் துண்டு விழும். நீளத்திலும் இதே கதைதான். நடுவில் ஒரு வெட்டு போட்டால் இரண்டு பக்கமும் 1218.5 மி.மீ. முழு 4 அடி இல்லை.

ஷீட்டிலேயே அளவு வித்தியாசப்படுமா?

படும். பொதுப் பயன்பாட்டு ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 303. அதன் 1989 பதிப்பில் பெரிய ஷீட்டின் அளவு 2400 x 1200 மி.மீ. நீளத்தில் 6 மி.மீ., அகலத்தில் 3 மி.மீ. வரை கூடலாம், குறையவே கூடாது. சந்தையில் அதிகம் புழங்கும் 2440 x 1220-ஐ விட இது சின்னது. சதுர அடியில் 31-தான் வரும். கடையில் பில் போடுவது சதுர அடிக் கணக்கில் என்பதால், ஷீட்டில் 2400 x 1200 என்று அச்சடித்திருந்தால் 32-க்குப் பணம் கட்டாதீர்கள். சதுர அடி 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஷீட்டுக்கு 100 ரூபாய். 20 ஷீட் வாங்கும் வீட்டுக்கு 2,000 ரூபாய் ஆச்சே!

ஷீட்டின் மூலை சரியான செங்கோணமாக இருக்கிறதா என்பதும் முக்கியம். அதே தரநிலை 1 மீட்டருக்கு 2 மி.மீ. வரை விலகலை அனுமதிக்கிறது. 8 அடி நீளத்தில் அது கிட்டத்தட்ட 5 மி.மீ. ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கதவு மாட்டும்போது தெரியும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: எதிரெதிர் மூலைகளை டேப் வைத்து அளங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வர வேண்டும். 2440 x 1220 ஷீட்டுக்கு அது 2728 மி.மீ.

நம்ம ஊரில் மட்டும்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 'முக்கால் இன்ச்' என்று விற்கும் ப்ளைவுட் பெரும்பாலும் 32-ல் 23 பங்கு இன்ச்தான், அதாவது சுமார் 18.3 மி.மீ. பிர்ச் மரத்தில் செய்து ரஷ்யா, பால்டிக் பக்கமிருந்து வரும் ஷீட் 5-க்கு 5 அடி சதுரம். ஜப்பானில் 1820 x 910 மி.மீ.

தடிமன்தான் பெரிய தலைவலி

நீளம், அகலம் கூடப் பரவாயில்லை. நிறைய வேலை கெடுவது தடிமனில்தான். 19 எம்எம் என்று வாங்கும் ஷீட் 18 இருக்கலாம், 18.5 இருக்கலாம். 6 மி.மீ.க்கு மேற்பட்ட ஷீட்டுக்கு 5 சதவீதம் கூடவோ குறையவோ தரநிலையிலேயே இடம் இருக்கிறது. 18 எம்எம் ஷீட் என்றால் 17.1 முதல் 18.9 வரை எதுவும் சரிதான்.

வெளிப்பக்கம் 3 அடி, அதாவது 914 மி.மீ. அகலத்தில் ஒரு பீரோ செய்கிறீர்கள். இரண்டு பக்கப் பலகையும் 19 எம்எம் என்றால் உள்ளே வரும் தட்டு 876 மி.மீ. 18 எம்எம் என்றால் 878. அந்த 2 மி.மீ. வித்தியாசம் போதும், தட்டு ஆடும், அல்லது உள்ளேயே போகாது. இதோடு உள்பக்கம் ஒட்டும் மைக்காவின் தடிமனையும் கழிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு முக்கால் முதல் 1 மி.மீ. வரை. எங்க வீட்டு அலமாரியில் மூன்றாவது தட்டு இன்னைக்கும் ஆடிட்டுத்தான் இருக்கு. தட்டை முதலில் வெட்டிவிட்டு, மைக்காவை அப்புறம் யோசித்ததன் பலன்!

அதனால் எல்லாப் பலகையையும் ஒரே நாளில் வெட்டி அடுக்க வேண்டாம். வெளிக்கூட்டை மட்டும் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். உள் அளவை நேரில் எடுத்த பிறகு தட்டு, டிராயர் எல்லாம் வெட்டட்டும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே டேப்பாக இருப்பதும் நல்லது. அப்புறம், டேப் நுனியில் உள்ள கொக்கி லேசாக ஆடினால் பழுது என்று நினைத்து அடித்து இறுக்கிவிடாதீர்கள். உள்ளே முட்டி அளந்தாலும் வெளியே மாட்டி இழுத்தாலும் ஒரே அளவு வர வேண்டும் என்பதற்காகவே அது ஆடும்படி செய்திருக்கிறார்கள்.

அப்போ எப்படித் திட்டமிடுவது?

அடிக்கணக்கை விட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள். அவ்வளவுதான் விஷயம். அந்தப் புத்தக அலமாரிப் பலகையை 1 அடிக்குப் பதில் 300 மி.மீ. என்று சொன்னால், நாலு பலகை 1200, மூன்று வெட்டுக்கு 9, மொத்தம் 1209. ஓரத்தைச் சீவ 11 மி.மீ. மிச்சமும் இருக்கும். நீளத்தை 1215 மி.மீ. என்று வைத்தால் இரண்டு பலகை, ஒரு வெட்டு சேர்த்து 2433. ஒரே ஷீட்டில் 8 பலகையும் வந்துவிடும். அரை சென்டிமீட்டர் அகலம் குறைந்ததால் எந்தப் புத்தகமும் கீழே விழப் போவதில்லை!

16 இன்ச் ஆழத் தட்டு மூன்று கேட்டாலும் இதே சிக்கல்தான். மூன்றும் சேர்ந்து 1219 மி.மீ., இரண்டு வெட்டுக்கு 6, இடிக்கும். 400 மி.மீ. என்றால் வசதியாக வரும். பீரோ ஆழம் 2 அடி வேண்டாம், 600 மி.மீ. போதும். கார்பென்டர் இன்ச் கணக்கிலேயே பழகியவர் என்றால் "23 இன்ச் 5 நூல் வைங்கண்ணே" என்று சொல்லுங்கள், பிடித்துக்கொள்வார்.

வெட்டும் படத்தைப் பேப்பரிலோ மொபைல் செயலியிலோ போடும்போது, ஒவ்வொரு கோட்டுக்கும் 3 மி.மீ. விட மறக்காதீர்கள். மேற்பரப்பில் மர ரேகை 8 அடி நீளவாக்கில் ஓடும். தட்டின் நீளமும் அதே திசையில் வந்தால்தான் பாரத்துக்கு வளையாமல் தாங்கும். இடம் மிச்சமாகிறதே என்று பலகையைக் குறுக்கே திருப்பிப் போட்டால், மிச்சம் பிடித்த காசுக்கு நாளைக்கு நடுவில் தொய்வு வரும்.

7 அடி உயரப் பீரோவுக்கு 600 மி.மீ. அகலத்தில் இரண்டு பக்கப் பலகை வெட்டினால், ஷீட்டின் தலையில் ஒரு துண்டு மிஞ்சும். டிராயர் முகப்புக்கும் அடிப்பலகைக்கும் அதுவே போதும் என்பதால் கடையிலோ பட்டறையிலோ விட்டுவிட்டு வராதீர்கள். அகலம் 303 மி.மீ. இருக்கும். ஒரு அடி என்று நினைத்து அடுத்த கணக்கைப் போட்டுவிட வேண்டாம், அதிலும் அரை நூல் குறையும்.