காத்திருக்கும் அன்பு



ராகேலை மணப்பதற்காக யாக்கோபு ஏழு ஆண்டுகள் லாபானிடம் உழைத்தார். அவர் கொண்டிருந்த அன்பினால் அந்த நீண்ட காலம் அவருக்குப் பாரமாகத் தெரியவில்லை என்று தொடக்க நூலில் வாசிக்கிறோம். நமக்குச் சற்று நெருங்கிய காலத்தில் இதேபோல் காத்திருந்த இருவரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீனை நம் இளைஞர்கள் திரைப்படத்தின் வழியாக அறிவார்கள். அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். நான்கு வயதில் தந்தையையும் பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தவர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், புனித நியூமன் நிறுவிய ஆரட்டரி சபையைச் சேர்ந்த அருள்பணியாளர் பிரான்சிஸ் மார்கன் அவருக்குப் பாதுகாவலராக இருந்தார். 1908ஆம் ஆண்டு, தாம் வாடகைக்குத் தங்கிய வீட்டிலேயே குடியிருந்த ஈடித் பிராட் என்ற பெண்ணை டோல்கீன் சந்தித்தார். அவருக்கு வயது 16, ஈடித்துக்கு 19. ஈடித்தும் தாயை இழந்தவர். இருவரும் ஒருவரையொருவர் விரும்பினர்.

செய்தி அருள்பணியாளருக்கு எட்டியது. பையனின் படிப்பு கெடுகிறதே என்று கவலைப்பட்ட அவர், 21 வயதாகும்வரை ஈடித்தைச் சந்திக்கவோ கடிதம் எழுதவோ கூடாது என்று கட்டளையிட்டார். கடினமான கட்டளைதான். ஆயினும், தம்மைத் தந்தைபோல் வளர்த்தவரின் சொல்லுக்கு டோல்கீன் கீழ்ப்படிந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கடந்தன. 1913 ஜனவரி 3ஆம் நாள் அவருக்கு 21 வயது நிறைந்தது. அன்று நள்ளிரவிலேயே ஈடித்துக்குக் கடிதம் எழுதினார். வந்த பதில் அவரைத் திடுக்கிட வைத்தது. டோல்கீன் தம்மை மறந்திருப்பார் என்று எண்ணிய ஈடித், வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். ஜனவரி 8ஆம் நாள் டோல்கீன் ரயிலேறி செல்டன்ஹாம் நகருக்குச் சென்றார். இருவரும் நாள் முழுவதும் பேசினர். மாலைக்குள் ஈடித் முடிவெடுத்தார்: முந்தைய நிச்சய மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டோல்கீனை மணப்பதென்று.

நிச்சயமான பின் இப்படி மாறலாமா என்று நம்மில் பலர் கேட்போம். திருஅவைச் சட்டம் 1062 இதற்குத் தெளிவான பதில் தருகிறது. நிச்சயதார்த்தம் ஒரு வாக்குறுதி. அதை விளையாட்டாக எண்ணக் கூடாது. அதை மீறுவதால் மற்றவருக்கு இழப்பு நேர்ந்தால் ஈடு கேட்க இடமுண்டு. ஆனால் அந்த வாக்குறுதியைக் காட்டி, திருமணம் செய்தே ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஏனெனில் மணமக்களின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது. அந்தச் சம்மதத்தை அவர்களுக்குப் பதிலாகப் பெற்றோரோ, பங்குத்தந்தையோ, ஊரோ தர முடியாது.

நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? "மண்டபம் பேசியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு, இனி என்னம்மா யோசனை?" என்று சொல்லி, தயங்கும் மகளின் வாயை அடைத்துவிடுகிறோம். கோவிலில் மூன்று முறை ஓலை வாசிப்பது எதற்காக? தடை ஏதும் இருந்தால் வெளிவரட்டும் என்பதற்காகத்தானே! பீடத்தின் முன் உள்ளத்தில் இல்லாத சம்மதத்தை வாயால் சொல்வதைவிட, அதற்கு முன்பே உண்மையைச் சொல்வது நல்லது. அதே நேரம், மோதிரத்தைத் திரும்பப் பெற்றவரின் வேதனையையும் நாம் மறக்கக் கூடாது. ஆகவே, முதல் முறை சம்மதம் சொல்லும் முன்பே நன்றாகச் சிந்திக்க வேண்டும்.

மீண்டும் சேர்ந்த அந்த இருவரும் உடனே மணமுடிக்கவில்லை. 1914 ஜனவரியில் ஈடித் கத்தோலிக்கத் திருஅவையில் சேர்ந்தார். அதனால் தங்கியிருந்த வீட்டையே விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பின்னர் கோவிலில் இவர்களது மண ஒப்பந்தம் நடந்தது. 1916 மார்ச் 22ஆம் நாள், முதல் உலகப்போரின் நடுவே, வாரிக் நகரில் திருமணம் நடைபெற்றது. சில வாரங்களில் கணவர் போர்முனைக்குச் சென்றார். பிற்காலத்தில் கோவில் காரியங்களில் இருவருக்கும் மனத்தாங்கலும் வந்தது. ஆண்டுகள் பல கடந்துதான் அது தணிந்தது. திருமணத்துக்காக மதம் மாறச் சொல்லி அவசரப்படுத்தும் நமக்கு இதுவும் ஒரு பாடம். ஆயினும் 1971இல் ஈடித் இறக்கும்வரை, 55 ஆண்டுகள் இணைந்து வாழ்ந்தனர். இன்று ஆக்ஸ்போர்டில் ஒரே கல்லறையில் துயில்கின்றனர்.

நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் இடைப்பட்ட காலத்தை, ஒருவரையொருவர் மதிக்கவும், பிரமாணிக்கமாயிருக்கவும், கற்பு நெறியில் வாழவும் பழகும் காலமாகத் திருஅவையின் மறைக்கல்வி நூல் காட்டுகிறது. பள்ளிப்பருவத்தில் தெரிந்தவரே ஆனாலும், இடையில் அவரும் வளர்ந்திருப்பார், மாறியிருப்பார். அவரைப் புதிதாக அறிய வேண்டும். இளைஞர்களே, அந்த மாதங்களை நகைக்கடைக்கும் புகைப்படத்துக்கும் மட்டும் செலவிடாதீர்கள். கடன், வேலை, உடல்நலம், குழந்தைகள், செபம் எல்லாவற்றையும் மனம்திறந்து பேசுங்கள். திருமணத் தயாரிப்புப் பயிற்சியைச் சான்றிதழுக்காக மட்டும் நினைக்காதீர்கள். பெற்றோரே, பிள்ளைகளின் தயக்கத்துக்குக் காதுகொடுங்கள்.

மரியாவை ஏற்றுக்கொள்ளும் முன் கலங்கி, பின் இறைவனின் குரல் கேட்டுத் துணிந்த புனித யோசேப்பு, நிச்சயிக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.