முன்னாள் துணையின் பிரசவச் செலவு: சட்டப்படி யார் பொறுப்பு?

பெண் கருவுற்றிருக்கும்போதே குழந்தையின் தந்தை பிரிந்துவிட்டால், மாதாந்தரப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து, பிரசவம் ஆகியவற்றுக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழுகிறது. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. வேறு நோக்கங்களுக்காக இயற்றப்பட்ட சட்டங்களின் வழியாகவே இந்தத் தொகையைக் கோர வேண்டும். அச்சட்டங்கள் முதலில் பார்ப்பது குழந்தை யாருடையது என்பதை அல்ல. இருவருக்கும் இடையே இருந்த உறவு என்ன என்பதையே. எனவே மணமுறிவு பெற்றவர், மணமின்றிச் சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவர், ஒரே வீட்டில் வாழவே செய்யாதவர் ஆகிய மூவருக்கும் ஒரே பில்லுக்கு மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன.

மருத்துவமனையும் பில்லும்

தனியார் மருத்துவமனையில் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டுப் பணம் கட்ட ஒப்புக்கொண்டவரே மருத்துவமனைக்குப் பொறுப்பாளி. 'கணவர் பெயர்' என்ற கட்டத்தில் ஒருவர் பெயர் எழுதப்பட்டிருப்பது மட்டுமே அவரைக் கடனாளியாக்காது. நடைமுறையில் பெண்ணோ அவருடைய பெற்றோரோ பணத்தைக் கட்டிவிட்டு, பின்னர் நீதிமன்றத்தில் கோருகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிக்கல் குறைவு. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்படி அங்கு சிசேரியன் உட்பட பிரசவம், மருந்து, பரிசோதனை, உணவு ஆகியவை இலவசம்.

மணமுறிவு பெற்ற மனைவி

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக உள்ளது. தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத மனைவி இதன்கீழ் ஜீவனாம்சம் கோரலாம். மறுமணம் செய்யாத, மணமுறிவு பெற்ற பெண்ணும் இங்கே 'மனைவி' என்ற சொல்லில் அடங்குவார். ஆனால் இப்பிரிவு தருவது மாதத் தொகை. பிரசவச் செலவோ ஒரே நாளில் வந்து நிற்கும் பெருந்தொகை. மருத்துவத் தேவையை மனத்தில் வைத்து நீதிமன்றம் மாதத் தொகையை உயர்த்தலாம். கட்டி முடித்த பில்லைத் திருப்பித் தரச் சொல்வது இப்பிரிவின் இயல்பான வேலை அல்ல.

கருவுற்ற காலத்தை நேரடியாகக் குறிப்பிடும் சட்டம் ஒன்று உண்டு. மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணமுறிவின்போது பெண் கருவுற்றிருந்தால் அவருடைய இத்தா காலம் பிரசவம் வரை அல்லது கர்ப்பம் முடிவுக்கு வரும் வரை நீளும். அந்தக் காலத்துக்குள் நியாயமான ஏற்பாட்டையும் ஜீவனாம்சத்தையும் முன்னாள் கணவர் தர வேண்டும். கடும் விமர்சனத்துக்கு உள்ளான சட்டம்தான். ஆனாலும் மற்றவர்களுக்கான சட்டங்கள் கண்டுகொள்ளாத ஒன்றை இது கண்டிருக்கிறது.

சேர்ந்து வாழ்ந்து பிரிந்தவர்

மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கு உள்ள முக்கிய வழி, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். இதன் 20ஆம் பிரிவு, வன்முறையின் விளைவாக ஏற்பட்ட மருத்துவச் செலவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மொத்தத் தொகையாகவும் வழங்க இடம் தருகிறது. 'வன்முறை' என்பதில் அடி உதை மட்டுமல்ல, தேவையான பணத்தைத் தராமல் தவிக்கவிடும் பொருளாதார வன்முறையும் அடங்கும். ஆகவே கர்ப்பிணியைச் செலவுக்கு வழியின்றி விட்டுச் சென்றதை இதன்கீழ் முறையிடலாம். மனுவைப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கலாம். பிரசவத்துக்கு முன்பே இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

உறவு முறிந்த பிறகு மனு செய்ய முடியுமா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்த்தது: ஏதேனும் ஒரு காலத்தில் ஒரே வீட்டில் அத்தகைய உறவில் வாழ்ந்திருந்தாலே போதும். ஆனால் எல்லா உறவும் 'திருமணத்தை ஒத்த உறவு' ஆகிவிடாது. கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2010இல் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் டி. எஸ். தாக்கூரும் இதற்கு நிபந்தனைகள் வகுத்தனர். இருவரும் மண வயதை எட்டி, சட்டப்படி மணம் செய்யத் தகுதி உடையவராக இருக்க வேண்டும். கணவன் மனைவியைப் போலவே ஊராருக்குத் தெரியும்படி, குறிப்பிடத்தக்க காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் சந்தித்துப் பிரிவது கணக்கில் வராது. ஆணுக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்தே வாழ்ந்த பெண்ணுக்கு இச்சட்டம் உதவாது என 2013இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. ஆண் மணமானவர் என்றால் சுமை முழுவதும் பெண்மீது விழுகிறது என்பதே இதன் நடைமுறை விளைவு.

தந்தை யார் என்ற கேள்வி

மணவாழ்வின்போது பிறந்த குழந்தையும், மணமுறிவுக்குப் பின் 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்த குழந்தையும் அந்தக் கணவருடையது என்றே சட்டம் கொள்ளும். மணமாகாதவர்களுக்கு இந்த அனுமானம் கிடையாது. அவர் மறுத்தால் டி.என்.ஏ. சோதனை வரை போக நேரிடும். கேட்டவுடன் நீதிமன்றங்கள் அதற்கு உத்தரவிடுவதில்லை. உத்தரவிட்ட பின் ஒருவர் மறுத்தால், அந்த மறுப்பை அவருக்கு எதிராகக் கருத இடமுண்டு.

குழந்தை பிறந்துவிட்டால் நிலைமை மாறும். 144ஆம் பிரிவில் மணவழிப் பிறந்த குழந்தைக்கும் மணமின்றிப் பிறந்த குழந்தைக்கும் வேறுபாடு இல்லை. பச்சிளங்குழந்தையின் சிகிச்சைத் தேவையைத் தந்தையிடம் குழந்தையின் பேரில் கோரலாம். மருத்துவமனையில் தாய்க்கும் குழந்தைக்கும் தனித்தனி பில் கேட்டு வாங்குவது இங்கே பெரிதும் உதவும். தொகையை மனு செய்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியுள்ளதால், தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான்.

எந்தப் பிரிவிலும் அடங்காதவர்

காதலித்துக் கருவுற்று, ஒரே வீட்டில் வாழாமலே கைவிடப்பட்ட பெண்ணுக்குத் தன் பிரசவச் செலவைக் கோர மேற்சொன்ன எந்தச் சட்டமும் இடம் தருவதில்லை. இவர்களில் பலர் மகளிர் காவல் நிலையத்துக்குச் செல்கிறார்கள். மணப்பதாகப் பொய் வாக்குறுதி தந்து உறவு கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவின்படி குற்றம். பத்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அவர் சிறைக்குச் சென்றாலும் மருத்துவமனை பில் அப்படியே இருக்கும். செலவை ஏற்பதாகக் காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் உறுதிமொழி சாட்சியமாகப் பயன்படலாம். நீதிமன்ற உத்தரவு ஆகாது.

இந்தப் பெண்ணையும் கணக்கில் கொண்ட சட்டங்கள் வெளிநாடுகளில் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டப்படி, கர்ப்பகால மருத்துவச் செலவிலும் காப்பீட்டுக் கட்டணத்திலும் பாதியைத் தந்தை ஏற்க வேண்டும். ஜெர்மனியின் குடிமைச் சட்டத் தொகுப்பு, 1615எல் பிரிவில், மணமாகாத தாயைப் பிரசவத்துக்கு முன் ஆறு வாரமும் பின் எட்டு வாரமும் பராமரிக்கத் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் அதற்கு வெளியே நேரும் செலவையும் அவர் தர வேண்டும். சேர்ந்து வாழ்ந்தார்களா என்ற கேள்வியே அங்கு இல்லை. குழந்தை இறந்து பிறந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்குவதில்லை. கருச்சிதைவுக்கும் அதே விதி பொருந்தும். இந்தியாவில் அந்த நிலையில், குழந்தையின் பேரில் கோரும் வழியும் இல்லாமல் போகிறது.