கேமராக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்... கூமாப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் 'டூர் போட்டோஷூட்': எங்கே எடுக்கலாம், எங்கே மாட்டிக்குவீங்க?

ஸ்ரீவில்லிபுத்தூர்:

கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையும் பொண்ணும் ஜோடியாக நின்று போட்டோ எடுப்பது பட்டிதொட்டி எல்லாம் பரவி விட்டது. அடுத்த கட்டமாக, டூர் போகிற குடும்பத்தினரே போகிற ஊரில் ஒரு போட்டோகிராபரை முன்கூட்டியே பேசி வைத்து, ஒரு மணி நேரமோ அரை நாளோ தங்களை மட்டும் படம் எடுக்கச் சொல்கிறார்கள். பாரிஸ், ரோம், ஜெய்ப்பூர் மாதிரி பழமையான ஊர்களில் இதையே முழுநேர தொழிலாக செய்கிறவர்கள் உண்டு. நம்ம பக்கம் ஆண்டாள் கோவில் கோபுரம், பிளவக்கல் அணை, மதுரை மகால் என்று ஆசை போகிறது.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. மில்லிலும், தறியிலும், தீப்பெட்டி ஆபீசிலும் வருஷம் முழுக்க ஓடுகிற குடும்பத்துக்கு, அப்பத்தா முதல் கைக்குழந்தை வரை எல்லாரும் சேர்ந்து நிற்கிற நல்ல படம் ஒன்று சுவரில் தொங்க வேண்டாமா?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதலில் போட்டோகிராபரை பிடிக்கிறார்கள். அட்வான்ஸ் கட்டி, ஒரே கலரில் டிரஸ் எடுத்து, வேனும் பேசி விடுகிறார்கள். இடத்தைப் பற்றி கடைசியில்தான் யோசனை. அங்கே போய் இறங்கினால் கேட்டிலேயே நிறுத்தி, "பெரிய கேமராவுக்கு பர்மிஷன் இருக்கா?" என்று கேட்கிறார்கள். அட்வான்சும் போச்சு, லீவும் போச்சு, வேன் வாடகையும் போச்சு.

இந்த வரிசையை தலைகீழாக மாற்றினால் பாதி பிரச்சினை தீரும். முதலில் இடம், அடுத்து அந்த இடத்துக்கு யார் பொறுப்பு, அவர்கள் விடுவார்களா என்ற கேள்வி. பிறகு தேதி. கேமராக்காரர் அதற்குப் பிறகுதான்.

ரீல்சை பார்த்து கிளம்பிய கூட்டம்

இடத்தை விசாரிக்காமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு கூமாப்பட்டியை விட நல்ல உதாரணம் கிடையாது.

மேற்கு தொடர்ச்சி மலை அடிவாரத்தில், வத்திராயிருப்பு பக்கத்தில் இருக்கிற இந்த ஊரை 2025 ஜூன் வரை வெளிமாவட்டத்தில் பெரிதாக யாருக்கும் தெரியாது. உள்ளூர் இளைஞர் ஒருவர் தண்ணீரில் நின்றுகொண்டு தன் ஊரைப் புகழ்ந்து "ஏங்க..." என்று கூப்பிட்டு போட்ட ரீல்ஸ் ஒரே வாரத்தில் தமிழ்நாடு முழுக்க பரவியது. பைக்கிலும் காரிலும் ஆட்கள் கிளம்பி வந்தார்கள். வந்து பார்த்தால் வீடியோவில் இருந்த தண்ணீர் இல்லை. பிளவக்கல் அணைப் பகுதியில் இறங்கவோ குளிக்கவோ அனுமதியும் இல்லை. பூங்கா பராமரிப்பு இல்லாமல் கிடந்தது. ஏமாந்து திரும்பியவர்கள் அதையும் வீடியோ போட்டார்கள். அதன் பிறகு அணைப் பூங்காவை சீரமைக்க தமிழக அரசு 10 கோடி ரூபாய் ஒதுக்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த இளைஞர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. தண்ணீர் வருகிற காலத்தில் அந்த ஊர் அப்படித்தான் இருக்கும். விருதுநகர் மாவட்டத்துக்கு வடகிழக்கு பருவமழைதான் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் பெருகினால், மார்கழி, தை மாதங்களில் வயல் பச்சை, பின்னால் மலை, தென்னந்தோப்பு என்று எந்தப் பக்கம் கேமராவை திருப்பினாலும் படம்தான். பள்ளிக்கூட லீவை பார்த்து மே, ஜூனில் வந்தால் காய்ந்த தரைதான் கிடைக்கும். ரீல்ஸ் எந்த மாதம் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை!

இங்கே வருகிறவர்கள் அணையை விட்டுவிட்டு கண்மாய்க்கரை, வயல்வரப்பு, தோப்பு என்று போவது நல்லது. ஆனால் அதுவும் யாரோ ஒருவருடைய இடம்தான். வரப்பில் பத்து பேர் ஏறி நின்றால் வரப்பு உடையும். நட்ட வயலில் கால் வைத்தால் விவசாயிக்கு கோபம் வரத்தான் செய்யும். "அண்ணே, ஒரு அரைமணி நேரம் போட்டோ எடுத்துக்கிறோம்" என்று முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. கேட்காமல் வேனை தோப்புக்குள் விட்டால் கதை வேறு.

கோபுரத்துக்கு வெளியே ஓகே, உள்ளே?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்களின் முதல் கனவு ஆண்டாள் கோவில். 11 நிலை ராஜகோபுரம், உயரம் 190 அடிக்கும் மேல். தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்த கோபுரம்தான் என்று ஊரே பெருமையாக சொல்லும். அதன் முன்னால் நின்று படம் எடுக்க ஆசை வராமல் இருக்குமா?

வெளியே பொது வீதியில் நின்று கோபுரத்தோடு சேர்த்து குடும்பப் படம் எடுக்கலாம். லைட் ஸ்டாண்டு, பெரிய குடை எல்லாம் நட்டு வழியை மறித்தால்தான் போலீஸ் வரும். அதிகாலையில் கடை திறப்பதற்கு முன்னால் முடித்துவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும். ஆடிப்பூரத் தேரோட்டத்தின் போது ரதவீதியில் நிற்கவே இடம் இருக்காது. அந்த நாளில் போட்டோஷூட் புக் பண்ணுவது வீண் செலவு. தேரை வேண்டுமானால் எடுக்கலாம், குடும்பத்தை எடுக்க முடியாது.

கோவிலுக்கு உள்ளே விஷயம் வேறு. தமிழ்நாட்டு கோவில்களில் செல்போனுக்கு தடை கொண்டுவர வேண்டும் என்று 2022 டிசம்பரில் ஐகோர்ட்டு மதுரை கிளை உத்தரவிட்டது. திருச்செந்தூர் கோவில் சம்பந்தமான வழக்கில் வந்த உத்தரவு, எல்லா கோவிலுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் இதற்கு முன்பே தடை வந்துவிட்டது. 2018 பிப்ரவரியில் அங்கே வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்து எரிந்த பிறகு, மார்ச் மாதத்தில் செல்போன் தடை அமலானது. போனுக்கே இந்த நிலைமை என்றால், லென்சு மாட்டிய கேமராவை தோளில் போட்டுக்கொண்டு பிராகாரத்தில் 'போஸ்' கொடுக்க யார் விடுவார்கள்?

"எனக்கு உள்ளே ஆள் தெரியும், நான் பார்த்துக்கறேன்" என்று எந்த போட்டோகிராபராவது சொன்னால் அங்கேயே உஷாராகி விட வேண்டும். மாட்டினால் அவர் கேமராவை தூக்கிக்கொண்டு நழுவி விடுவார். பட்டுப்புடவையோடு பதில் சொல்லிக்கொண்டு நிற்பது நீங்கள்தான். பேசாமல் சாமி கும்பிடுவதை தனியாகவும், போட்டோவை தனியாகவும் வைத்துக்கொள்வது நிம்மதி. முதலில் போட்டோ, பிறகு தரிசனம், அப்புறம் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா என்று திட்டம் போடுங்கள். பால்கோவாவை முதலில் கொடுத்தால் பிள்ளைகள் சட்டையில் வடித்துக்கொள்ளும். எந்த போட்டோகிராபராலும் அதை சரிபண்ண முடியாது.

மதுரை மகாலுக்கு போறீங்களா?

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்காரர்கள் அடுத்து கை காட்டுவது மதுரை திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டியது. பழைய அரண்மனையில் இப்போது இருப்பது ஒரு பகுதி மட்டும்தான். அதிலேயே அந்த வெள்ளைத் தூண்களுக்கு நடுவே நின்றால் யாராக இருந்தாலும் ராஜா ராணிதான்.

இது மாநில தொல்லியல் துறை கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆளுக்கு டிக்கெட், கேமராவுக்கு தனி டிக்கெட். சுற்றிப் பார்க்க வந்தவர் கையில் இருக்கிற கேமராவில் நாலு படம் எடுப்பது ஒன்று. ஸ்டாண்டு, லைட், டிரஸ் மாற்றும் பெட்டி, உதவியாளர் என்று ஒரு பட்டாளமே இறங்குவது இன்னொன்று. இரண்டாவதற்கு துறையிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். வாசலில் போய் கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை. தூண்களில் ஜோடிகள் பெயர் கிறுக்கி வைத்த கொடுமையை பார்த்தவர்களுக்கு, காவலர்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று புரியும்.

மாமல்லபுரம், தஞ்சை பெரிய கோவில் மாதிரி இடங்கள் மத்திய தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. அங்கேயும் இதே கணக்குதான். சாதாரணமாக கையில் பிடித்து எடுப்பதற்கு தடை இல்லாத இடத்திலும், ஸ்டாண்டு விரித்தால் அனுமதி கேட்பார்கள். தாஜ்மகாலில் துறையே லைசென்சு கொடுத்த போட்டோகிராபர்கள் இருக்கிறார்கள், அடையாள அட்டை வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு லீவு என்பது தெரியாமல் ரெயில் டிக்கெட் போட்டு போய் நிற்பவர்களும் உண்டு.

வெளிநாட்டிலும் கெடுபிடி குறைவில்லை. ஜப்பானில் கியோட்டோ என்ற பழமையான நகரத்தில் கியோன் என்று ஒரு பகுதி. கெய்ஷா பெண்களை துரத்தி துரத்தி படம் எடுத்த தொல்லை தாங்காமல், தனியார் சந்துகளில் அனுமதி இல்லாமல் போட்டோ எடுத்தால் 10 ஆயிரம் யென் அபராதம் என்று 2019-ல் போர்டு வைத்தார்கள். அப்படியும் அடங்காததால் 2024-ல் அந்த சந்துகளுக்குள் சுற்றுலா பயணிகள் வருவதற்கே தடை போட்டு விட்டார்கள்.

காட்டுக்குள் டிரோன் விட்டால் அவ்வளவுதான்

மலை பக்கத்திலேயே இருப்பதால் "செண்பகத்தோப்பு போலாம், ஓடையில எடுக்கலாம்" என்று கிளம்புகிறவர்கள் நிறைய. இது சாதாரண காடு இல்லை. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. சரணாலயத்துக்குள் போட்டோ எடுப்பதற்காக நுழையவே வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி அனுமதி வேண்டும். சதுரகிரிக்கு போகிற தாணிப்பாறை வழியிலும் வனத்துறை கேட் இருக்கிறது. அந்த மலை ஓடைகளை சாதாரணமாக நினைக்கக் கூடாது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்து வெள்ளம் இறங்கி விடும். 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் பலியானதை இந்த பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை. பாறையில் நின்று 'போஸ்' கொடுக்கிறவர்கள் இதை கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

டிரோன் ஷாட் இலவசமாக தருகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். 2021 டிரோன் விதிகளின்படி டிரோனுக்கு பதிவெண் இருக்க வேண்டும். 250 கிராமுக்கு மேல் எடை உள்ளதை காசுக்காக ஓட்டுகிறவரிடம் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றினால் டிரோனே வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். காப்பகத்துக்கு மேலே பறக்க விட்டால் வழக்கு நிச்சயம்.

பேச வேண்டியதை பேசிடுங்க

இடம் உறுதியான பிறகு போட்டோகிராபர். அவர் இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிற பத்து சூப்பர் படங்களை பார்த்து மயங்காதீர்கள். ஏதாவது ஒரு குடும்பத்துக்கு எடுத்த முழு ஆல்பத்தையும் காட்டச் சொல்லுங்கள். வெயிலில் முகம் கறுத்த படம், கண் மூடிய படம் எத்தனை என்று அதில்தான் தெரியும்.

பேசுகிற ரேட்டுக்குள் என்னென்ன அடங்கும் என்பதில்தான் சண்டையே வருகிறது. எத்தனை மணி நேரம்? அது வேனில் ஏறியதில் இருந்தா, முதல் படம் எடுத்ததில் இருந்தா? திருத்திய படம் எத்தனை, திருத்தாதவை கிடைக்குமா? பெட்ரோல், சாப்பாடு, நுழைவு டிக்கெட், அனுமதி கட்டணம் யார் தலையில்? படம் எந்த தேதிக்குள் வரும்? மழை பெய்தால் வேறு தேதி தருவாரா, அட்வான்ஸ் திரும்புமா? இடத்தில் அனுமதி மறுத்தால் நஷ்டம் யாருக்கு? இந்த கடைசி கேள்வியை கேட்டதும் சில பேர் முழிப்பார்கள். அப்போதே தெரிந்துவிடும், அவர் இடத்தை விசாரிக்கவே இல்லை என்று.

பெரிய பத்திரம் எதுவும் வேண்டாம். பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி, அவரிடம் 'சரி' என்று பதில் வாங்கினாலே ஆதாரம்தான். அட்வான்சை கையில் கொடுக்காமல் யு.பி.ஐ.யில் அனுப்பினால் அதுவும் பதிவாகிவிடும். முழுப்பணத்தையும் முன்னாடியே கொடுத்துவிடக் கூடாது. படம் கைக்கு வரும்போது கொடுக்க கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முகம் தெரியாத ஆன்லைன் பக்கத்தில் பணம் கட்டி ஏமாந்தால் உடனே 1930-க்கு போன் போட வேண்டும். நேரம் போகப் போக பணத்தை பிடிப்பது கஷ்டம்.

இன்னொரு விஷயம் பல பேருக்கு தெரியாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காப்புரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான். 1957-ம் வருஷத்து சட்டமே அப்படி சொல்கிறது. "படத்தை என் பேஜில் போடுவேன்" என்று போட்டோகிராபர் சொன்னால் சரி என்பதும் வேண்டாம் என்பதும் உங்கள் இஷ்டம். வயசுப்பிள்ளைகள், குழந்தைகள் படம் என்றால் "கேட்காம போடக் கூடாது" என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்து போடச் சொல்லி பேப்பர் நீட்டினால் இந்த உரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறாரா என்று படித்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாக பேசியும் படம் தராமல் இழுத்தடித்தால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்கு கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்த வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய ரசீதையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.